செத்த மென்பொருளின் சாகாத நிபந்தனைகள்

1

1904-இல் அமெரிக்காவில் ‘தி காஸ்ட்அவே’ என்றொரு நாவல் வெளிவந்தது. எழுதியவர் ஹாலி எர்மினி ரைவ்ஸ். பதிப்பித்தது பாப்ஸ்-மெரில் என்ற நிறுவனம். அந்த நாவலின் பெயர் இன்றைக்கும் அடிபடுகிறது என்றால் அதற்குக் காரணம் கதை இல்லை, பதிப்புரிமைப் பக்கத்தில் அச்சிட்டிருந்த ஒரு குறிப்பு. புத்தகத்தின் சில்லறை விலை ஒரு டாலர், அதைவிடக் குறைத்து விற்க எந்தக் கடைக்காரருக்கும் உரிமம் கிடையாது, மீறி விற்றால் பதிப்புரிமை மீறலாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

நியூயார்க்கின் மேசிஸ் கடைக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு 89 சென்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908-இல் தீர்ப்பு வந்தது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால் அந்தப் பிரதிமீது பதிப்பாளருக்கு இருந்த விற்பனை அதிகாரம் அத்தோடு தீர்ந்தது, உள்ளே ஒரு வரி அச்சடித்துவிட்டதாலேயே வாங்கினவரின் கையைக் கட்ட முடியாது என்றது நீதிமன்றம். ‘முதல் விற்பனைக் கோட்பாடு’ என்று சட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். அந்த நாட்டில் பழைய புத்தகக் கடைகளும் நூலகங்களும் இன்றுவரை நிம்மதியாக இயங்குவதற்கு அடியில் இந்தத் தீர்ப்பு இருக்கிறது.

நூறு வருஷத்துக்கு முந்தைய நாவல் வழக்கை ஏன் இழுக்கிறேன் என்றால், கணினி நிரலும் சட்டத்தின் கண்ணில் இலக்கியம்தான். உண்மையாகவே. நம்முடைய 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ‘இலக்கியப் படைப்பு’ என்பதற்குள் கணினி நிரல்களையும் சேர்க்கிறது. அமெரிக்கச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. ஃபோட்டோஷாப்பும் சிறுகதைத் தொகுப்பும் ஒரே அலமாரி. அப்படியென்றால் புத்தகத்துக்குக் கிடைத்த விடுதலை மென்பொருளுக்கும் கிடைத்திருக்க வேண்டுமே? கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

புத்தகப் பதிப்பாளர் தோற்ற இடத்தில் மென்பொருள் நிறுவனம் ஜெயித்ததற்குக் காரணம் ஒரே ஒரு சொல். பாப்ஸ்-மெரில் புத்தகத்தை ‘விற்றது’. மென்பொருள் நிறுவனங்களோ, “நாங்க எதையும் விக்கவே இல்லையே” என்றன. பெட்டியை வாங்குகிறோம், உள்ளே வட்டு இருக்கிறது, பில் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆனால் வட்டில் இருப்பதைப் பயன்படுத்த நமக்கு ஓர் ‘உரிமம்’ மட்டும் தரப்படுகிறது. பெட்டியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்த நொடியில் உள்ளே இருக்கும் நிபந்தனைகளுக்கு நாம் சம்மதித்தவர்களாகிறோம். பின்னால் உறை போய் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான் வந்தது.

இந்தத் தர்க்கம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியவர் டிமதி வெர்னர். சியாட்டில் பக்கத்து ஆள், ஈபேயில் பழைய பொருள்கள் விற்றுப் பிழைத்தவர். 2005-இல் யாரோ வீட்டைக் காலிசெய்யும்போது விற்ற சாமான்களில் ஆட்டோகேட் ‘ரிலீஸ் 14’ ஒன்றை வாங்கினார். 2007-இல் ஒரு கட்டடக்கலை நிறுவனம் தன் அலுவலகச் சாமான்களை விற்றபோது இன்னும் நான்கு பிரதிகள் கிடைத்தன. எல்லாமே அசல். ரிலீஸ் 14 வந்தது 1997-இல். பத்து வருஷம் பழசு, அதற்குள் பல புதுப் பதிப்புகள் வந்துவிட்டன.

ஆனால் அந்தக் கட்டடக்கலை நிறுவனம் முன்பே ஆட்டோகேட் 2000-க்குச் சலுகை விலையில் மாறியிருந்தது. மாறும்போது பழைய வட்டுகளை அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அழிக்கவில்லை, விற்றுவிட்டார்கள். வெர்னர் ஈபேயில் போட்டதும் ஆட்டோடெஸ்க் புகார் செய்தது. புகார் மேல் புகார் வந்து அவருடைய கணக்கே ஒரு மாதம் முடங்கியது. அவர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் கேட்டது 1908-ஆம் வருஷத்துக் கேள்விதான். விற்ற பொருள்தானே இது?

கீழமை நீதிமன்றம் ஆமாம் என்றது. 2010 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது. நிறுவனம் ‘உரிமம்’ என்று எழுதியிருக்கிறதா, கைமாற்றுவதைத் தடுத்திருக்கிறதா, பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறதா என்று மூன்று விஷயம் பார்ப்போம், மூன்றும் இருந்தால் வாங்கினவர் உரிமையாளர் இல்லை, வெறும் உரிமம் பெற்றவர் என்றது தீர்ப்பு. யோசித்துப் பாருங்கள். மூன்றையும் எழுதுவது நிறுவனமே. அதாவது, நீங்கள் வாங்கினீர்களா இல்லையா என்பதை விற்றவர் எழுதிக்கொள்ளலாம். 2011-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. கதை முடிந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் வேறு விடை கிடைத்தது. பயன்படுத்திய ஆரக்கிள் உரிமங்களை மறுவிற்பனை செய்த யூஸ்டுசாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வழக்கில், 2012 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தலைகீழாகச் சொன்னது. காலவரையறை இல்லாத உரிமத்துக்கு மொத்தக் காசையும் வாங்கிக்கொண்டால் அதற்குப் பெயர் விற்பனைதான், நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் சரி, டவுன்லோடாக இருந்தாலும் சரி. விற்பவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்கச் சட்டப்படி நிறுவனப் படைப்புக்குப் பதிப்புரிமை வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள். ரிலீஸ் 14-ஐ ஓட்டக்கூடிய கணினிகள் எப்போதோ காயலான் கடைக்குப் போயாயிற்று. அதன் நிபந்தனைகளுக்கு 2092 வரை ஆயுசு இருக்கிறது.

3

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் ஃப்ரீஹேண்டுடையது. பிடித்த என்றால் வருத்தத்தோடு பிடித்த.

1987-இல் அடோபி நிறுவனம் இல்லஸ்ட்ரேட்டரை வெளியிட்டது. கோடுகளையும் வளைவுகளையும் கணித வடிவில் வரையும் மென்பொருள். அடுத்த வருஷமே போட்டிக்கு ஃப்ரீஹேண்ட் வந்தது. உருவாக்கியது டெக்சாஸ் மாநிலத்தின் ஆல்ட்சிஸ், சந்தைப்படுத்தியது ஆல்டஸ். இந்த ஆல்டஸ்தான் 1985-இல் பேஜ்மேக்கரை வெளியிட்டு ‘டெஸ்க்டாப் பப்ளிஷிங்’ என்ற தொழிலையே தொடங்கிவைத்த நிறுவனம். பால் பிரெய்னர்ட் அதற்குப் பெயர் வைத்தது வெனிஸ் நகரத்துப் பழைய அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸின் நினைவாக.

விளம்பரக்காரர்கள், வரைபடக்காரர்கள், பத்திரிகை ஓவியர்கள் ஆகியோர் இரண்டு கட்சியானார்கள். நம் ஊரில் எம்ஜிஆர்-சிவாஜி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீஹேண்ட் கட்சிக்காரர்கள் தங்கள் பக்கம் காட்டிய ஒரு விஷயம், ஒரே கோப்புக்குள் பல பக்கங்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது. இல்லஸ்ட்ரேட்டருக்கு ‘பல ஆர்ட்போர்டுகள்’ என்ற பெயரில் அது வந்தது 2008-இல்தான்.

1994-இல் அடோபி ஆல்டஸை வாங்கியது. போட்டியிட்ட இரண்டு மென்பொருள்களும் ஒரே கைக்குப் போகும் நிலை. ஆல்ட்சிஸ் வழக்குப் போட்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் தலையிட்டது. ஃப்ரீஹேண்டை ஆல்ட்சிஸிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அடுத்த பத்து வருஷத்துக்கு ஃப்ரீஹேண்டையோ அதுபோன்ற இன்னொரு தொழில்முறை வரைகலை மென்பொருளையோ ஆணையத்தின் அனுமதியில்லாமல் அடோபி வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. பயனர்கள் பெருமூச்சு விட்டார்கள். 1995 தொடக்கத்தில் மேக்ரோமீடியா ஆல்ட்சிஸை வாங்கியது. ஃப்ரீஹேண்ட் அங்கே வளர்ந்தது. 2003-இல் வந்த ஃப்ரீஹேண்ட் எம்எக்ஸ்தான் கடைசிப் பெரிய பதிப்பு.

1994-உடன் பத்தைக் கூட்டினால் 2004. 2005 ஏப்ரலில், சுமார் 340 கோடி டாலர் மதிப்பில் மேக்ரோமீடியாவையே வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது. அந்தப் பெரிய வியாபாரத்தில் ஃப்ரீஹேண்ட் ஒரு மூலையில் கிடந்த சின்னச் சாமான். ஃப்ளாஷ்தான் தலை. இருந்தாலும், பத்தாண்டு காவல் முடிந்து சில மாதங்களிலேயே காவல் காக்கப்பட்ட பொருள் அதே கைக்கு வந்து சேர்ந்தது என்பது வரலாறு.

2007 மே மாதம் அறிவிப்பு வந்தது. ஃப்ரீஹேண்ட் இனி வளராது. இன்டெல் மேக்குக்கோ விண்டோஸ் விஸ்டாவுக்கோ புதுப்பிப்பு கிடையாது. எல்லோரும் இல்லஸ்ட்ரேட்டருக்கு மாறிக்கொள்ளலாம். பயனர்கள் கேட்டது எளிமையான கேள்வி. “உங்களுக்கு வேண்டாம்னா சரி, வேற யாருக்காவது வித்துடுங்களேன். எங்களுக்கு வேணுமே?” விற்கவும் இல்லை, மூலநிரலைத் திறந்துவிடவும் இல்லை.

நிறுவனங்கள் பொருளை நிறுத்துவது புதிதில்லை. அம்பாசடர் காரை நிறுத்தினார்கள், யாரும் வீட்டு வாசலில் நின்ற வண்டியைப் பிடுங்கவில்லை. மெக்கானிக் இருந்தார், உதிரிபாகம் தேடிப்பிடித்தால் ஓடியது. மென்பொருளுக்கு அந்த மெக்கானிக் இல்லை. நிரலைப் பிரித்துப் பார்ப்பதை உரிமமே தடுக்கிறது. எனவே ஃப்ரீஹேண்ட் பயனர்கள் பழைய மேக் கணினிகளைப் பொத்திப்பொத்தி வைத்துக்கொண்டார்கள். பழைய நிரல்களை இன்டெல் மேக்கில் ஓட்ட ஆப்பிள் ‘ரொசெட்டா’ என்றொரு மொழிபெயர்ப்பு அடுக்கை வைத்திருந்தது. 2011 ஜூலையில் லயன் இயங்குதளம் வந்தபோது அதுவும் போயிற்று.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ‘ஃப்ரீ ஃப்ரீஹேண்ட்’ என்ற பெயரில் திரண்ட பயனர்கள் கலிஃபோர்னியாவில் அடோபிமீது ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்திருந்தார்கள். ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் ஒரு மென்பொருளின் பெயரில் சங்கம் அமைத்து நீதிமன்றம் போனது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். 2012-இல் வழக்கு சமரசமாக முடிந்தது. உறுப்பினர்களுக்கு அடோபி பொருள்களில் தள்ளுபடி, இல்லஸ்ட்ரேட்டரை மேம்படுத்துவதில் அவர்களுடைய யோசனைகளுக்கும் இடம். ஃப்ரீஹேண்ட் திரும்பி வரவில்லை. தங்கள் மென்பொருளைக் காப்பாற்றப் போனவர்கள், எதிர்க்கட்சி மென்பொருளுக்கான கூப்பனோடு திரும்பினார்கள்.

4

ஃப்ரீஹேண்டை ஓடவிடாமல் செய்தது காலம். அடுத்து வந்த ஏற்பாட்டுக்குக் காலம்கூடத் தேவைப்படவில்லை, ஒரு சுவிட்ச் போதும். அதன் பெயர் ஆக்டிவேஷன்.

மென்பொருளை நிறுவியதும் அது இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வரிடம் “இவர் நம்ம ஆளுதானா?” என்று கேட்கும். அது ஆமாம் என்றால்தான் வேலை நடக்கும். கேட்கிற இடத்தில் ஆளே இல்லாமல் போனால்? 2013 ஜனவரியில் உலகம் அதைப் பார்த்தது. 2005-இல் வந்த கிரியேட்டிவ் சூட் 2 தொகுப்புக்கான ஆக்டிவேஷன் சர்வரை அடோபி நிறுத்தியிருந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கணினி மாற்றினால் மறுபடி நிறுவ முடியாதே என்பதற்காக, ஆக்டிவேஷன் தேவைப்படாத பிரதியையும் சீரியல் எண்களையும் பொதுவில் வைத்தது. ‘ஃபோட்டோஷாப் இலவசம்!’ என்று செய்தி பரவியது. பிறகு, ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று விளக்கம் வந்தது.

இந்த இடத்தில் அடோபியை நான் பாராட்டுவேன். சர்வரை அணைத்துவிட்டு அமைதியாக இருந்திருக்கலாம், செய்யவில்லை. ஆனால் அந்த நல்ல காரியம் ஒரு சங்கடமான உண்மையைக் காட்டிக்கொடுத்தது. எட்டு வருஷத்துக்கு முன் முழு விலை கொடுத்து வாங்கியவர் அந்த எட்டு வருஷமும் நிறுவனத்தின் தயவில்தான் இருந்திருக்கிறார்.

அதே 2013 மே மாதம் அடுத்த அடி. இனிமேல் புதுப் பதிப்புகள் கிரியேட்டிவ் கிளவுட் சந்தா வழியாக மட்டுமே. நிரந்தர உரிமத்தோடு வந்த கடைசித் தொகுப்பு சிஎஸ்6. அடுத்த வருஷம் ஆட்டோடெஸ்க், சாஃப்ட்இமேஜை நிறுத்துவதாக அறிவித்தது. ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர்களை அசையவைத்த மென்பொருள் அது. மான்ட்ரியலில் டேனியல் லாங்லுவா தொடங்கி, மைக்ரோசாஃப்ட், அவிட் என்று கைமாறி 2008-இல் ஆட்டோடெஸ்கிடம் வந்தது. அனிமேஷன்காரர்களுக்கு அந்த நிறுவனத்தின் இன்னொரு பொருளான மாயாவுக்கோ 3டிஎஸ் மேக்ஸுக்கோ மாறும் வழி காட்டப்பட்டது. பதினைந்து வருஷம் ஒரு கருவியில் பழகிய கைக்கு, வேறு கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் அது நஷ்டம்தான். நாதஸ்வரக்காரரிடம் கிளாரினெட்டைக் கொடுத்து “இதுவும் ஊதறதுதானே” என்று சொல்வது போல.

சந்தாவிலும் ஒரு பாடம் பாக்கி இருந்தது. 2019 மே மாதம், பழைய பதிப்புகளைப் பயன்படுத்திவந்த சில சந்தாதாரர்களுக்கு அடோபியிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் பதிப்புகளைப் பயன்படுத்த உங்களுக்கு இனி உரிமம் இல்லை, தொடர்ந்தால் மூன்றாம் தரப்பினர் உங்கள்மீது உரிமை கோரும் ஆபத்து உண்டு. மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வந்த கடிதம் இது. அடோபி மூன்றாம் தரப்பு யாரென்று சொல்லவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன் டால்பி நிறுவனம் அடோபிமீது வழக்குப் போட்டிருந்தது என்பதை மட்டும் பத்திரிகைகள் நினைவூட்டின.

5

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று நினைக்கத் தோன்றும். தமிழ்ப் புத்தகங்கள் பேஜ்மேக்கரில் பிறந்தவை என்பதை மறந்தால்தான் அப்படி நினைக்க முடியும்.

தொண்ணூறுகளிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் திருவல்லிக்கேணியிலோ மதுரையிலோ ஒரு டிடிபி சென்டருக்குள் நுழைந்தால் திரையில் பேஜ்மேக்கர்தான் இருக்கும். சிறுபத்திரிகை, கவிதைத் தொகுப்பு, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அதில்தான். ஆல்டஸோடு சேர்த்து பேஜ்மேக்கரும் அடோபிக்குப் போனது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்றது. அதன் இடத்தில் இன்டிசைன் வைக்கப்பட்டது. அங்கே நிறுத்திய பிறகும் இங்கே பல வருஷம் ஓடியது.

பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தெரியாது. எனவே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களால் சமாளித்தோம். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி நினைவில் வைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவைக் கழற்றினால் தமிழே இல்லை. ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியேற்றம். சில நிறுவனங்களின் தமிழ் மென்பொருள், கணினியின் பின்னால் ஒரு டாங்கிள் செருகியிருந்தால்தான் வேலை செய்யும்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறு பதிப்பாளர், இருபது வருஷத்துக்கு முன் போட்ட ஒரு நாவலை மறுபதிப்பு செய்ய நினைத்தார். சிடி பத்திரமாக இருந்தது, கோப்பும் இருந்தது. புதிய இன்டிசைன் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்காது. சிஎஸ்6 வரைதான் அந்த வசதி இருந்தது. சிஎஸ்6 விற்பனையோ 2017-இலேயே நின்றுபோனது. யாரிடமோ இருந்த பழைய கணினியில் ஒருவழியாகத் திறந்தால் எழுத்துரு இல்லை. எழுத்துரு மென்பொருளின் டாங்கிள் உடைந்திருந்தது. விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தால், அந்தப் பதிப்பை நிறுத்தியாயிற்று, மாற்று டாங்கிள் தருவதில்லை, புதுசு வாங்கிக்கோங்க என்றார்கள். புதுசில் பழைய குறியேற்றம் இல்லை.

“தம்பி, நாவலோட உரிமை எங்கிட்ட இருக்கு. சாஃப்ட்வேர் பில்லும் இருக்கு. அப்ப யார்கிட்டதான் இல்ல?” என்று கேட்டார். கடைசியில் அச்சுப் பிரதியை வைத்து மறுபடி முழுசாகத் தட்டச்சு செய்தோம். முந்நூற்றுச் சொச்சம் பக்கம். மெய்ப்பும் முதலிலிருந்து.

பக்கத்துக் கடையில் கள்ளப் பிரதி வைத்திருந்தவருக்கு இந்தத் தொல்லை எதுவுமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூட்டு உடைத்த பிரதி டாங்கிளும் கேட்காது, சர்வரையும் கூப்பிடாது. நிபந்தனைகள் முழுசாக உறைத்தது ஒழுங்காகக் காசு கொடுத்தவருக்குத்தான். கள்ளப் பிரதிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த நிரலை எழுதினவர்களும் உழைத்தவர்கள்தான். ஆனால் நேர்மையாக இருப்பவருக்கு அபராதம் விழும்படியான ஒரு ஏற்பாடு ரொம்ப நாள் மரியாதையோடு நிற்காது.

6

தீர்வே இல்லையா? சில பக்கவழிகள் இருந்திருக்கின்றன. அமெரிக்காவில் டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பது 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கான விலக்குகளைக் காங்கிரஸ் நூலகம் அவ்வப்போது அறிவிக்கும். பழுதாகி, மாற்றும் கிடைக்காமல் வழக்கொழிந்துபோன டாங்கிள்களுக்கு 2003, 2006, 2010 ஆண்டுகளில் விலக்குக் கிடைத்தது. சட்டத்துக்கும் இந்த வலி தெரிந்திருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்திலும் 52-ஆம் பிரிவு, நிரலை முறையாக வைத்திருப்பவர் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது இன்னொரு முயற்சி. 2014 ஏப்ரலில் ‘டாக்குமெண்ட் லிபரேஷன்’ என்றொரு திட்டம் தொடங்கியது. லிப்ரேஆஃபிஸ்காரர்களின் அறக்கட்டளை முன்னெடுத்தது. கைவிடப்பட்ட கோப்பு வடிவங்களை உள்ளே நோண்டிப் புரிந்துகொண்டு, திறந்து படிக்கும் நிரல்களை எழுதி எல்லோருக்கும் கொடுப்பது அதன் வேலை. ஃப்ரீஹேண்டுக்கு ஒன்று எழுதினார்கள், பேஜ்மேக்கருக்கும் ஒன்று. வடிவமைப்பு அச்சு அசலாக வராது. தமிழ் எழுத்துருச் சிக்கலும் தீராது. ஆனால் கதவு திறக்கிறது. உள்ளே இருக்கும் ஜே, கே, பி, ஓ-வை வெளியே எடுத்து யுனிகோடாக மாற்றும் கருவிகள் நம்மவர்களே நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள்.

நிறுவனங்கள் ஒரு மென்பொருளை என்றைக்கும் பராமரிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஃப்ரீஹேண்ட்காரர்களும் கேட்கவில்லை, வெர்னரும் கேட்கவில்லை. கைவிடும்போது கையைக் கட்டாமல் கைவிடுங்கள் என்றுதான் கேட்டார்கள். பூட்டை எடுத்துவிடுங்கள், கோப்பு வடிவத்தின் விவரத்தை வெளியிடுங்கள், பழைய வட்டை விற்பவரைத் துரத்தாதீர்கள். ஒரு சர்வரை அணைத்தபோது அடோபியே பாதி செய்து காட்டியதுதான் இது. சட்டமாக்க முடியாத அளவு விசித்திரமான கோரிக்கை இல்லை.

அதுவரை நம் கையில் இருப்பது சின்ன வேலைகள்தான். இருபது வருஷத்துக்கு முன் புத்தகம் போட்ட எழுத்தாளரோ பதிப்பாளரோ உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவருடைய சிடிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். படிக்கும் டிரைவ் உள்ள கணினி இன்னும் எங்காவது இருக்கும். பிடிஎஃப்பாக ஒன்று, யுனிகோட் உரையாக ஒன்று எடுத்து வைத்துவிடுங்கள். எழுத்துருவின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். அந்தத் தாளைப் படிக்க யாருடைய உரிமமும் வேண்டாம்.